எதிரே வந்தவள்

கல்யாணமாகி மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு வீரமுத்து சீட்டாடப் போய்விட்டான். வடக்கனந்தலில் அது யாருக்கும் புதிதாகப் படவில்லை. கிணற்றுப் பாசனத்தில் கரும்பு, மேட்டுக் கொல்லையில் மரவள்ளி என்று சாப்பாட்டுக்குக் குறைவில்லாத குடும்பம் அவனுடையது. நிலத்தை ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரமெல்லாம் கள்ளக்குறிச்சி மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுவான்.

எழுபதுகளின் கடைசி அது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், ஆத்தூர், திருவண்ணாமலை என்று சுற்றுவட்டாரத்து மன்றங்கள் வருஷத்துக்கு ஒரு முறை ரம்மிப் போட்டி நடத்தும். பணம் கட்டிப் பேர் கொடுத்தவர்கள் மேசை மேசையாக உட்கார்ந்து ஆடுவார்கள். தோற்ற ஆட்டத்தில் கையில் நிற்கிற சீட்டுக்கெல்லாம் புள்ளி ஏறும். புள்ளி இருநூறைத் தாண்டினவன் எழுந்து வெளியே போக வேண்டியதுதான். கடைசிவரை எழுந்திருக்காதவனுக்கு மாலை போட்டுப் பரிசு கொடுப்பார்கள். வீரமுத்து பல வருஷமாக இந்தப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒன்றிலும் பாதி தாண்டியதில்லை.

அந்த வாரம் ஆத்தூரில் ஜெயித்தான். பரிசு ஒரு வெண்கல அண்டா. பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து, வாசலில் இறக்கி, புதுப்பெண்ணைக் கூப்பிட்டான்.

"ஆண்டாளு, இங்க வா. இது உன்னுது. நான் போவும்போது நீதான எதிர்ல வந்த? கையில இன்னா வச்சிருந்த?"

"தண்ணிக் கொடம்" என்றாள் அவள்.

"அதான்!" என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தியாம்மா? ராசிக்காரிய கட்டிக்கினு வந்துருக்கேன்."

மாமியார் பச்சையம்மாள் அண்டாவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவன் போட்டிக்குக் கிளம்புகிற காலையில் ஆண்டாள் குளித்துப் பூ வைத்து நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும் என்று ஆயிற்று. அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகத் தெருவில் இறங்குவான். வேறு யாரும் குறுக்கே வந்துவிடாமல் பச்சையம்மாள் தெருமுனையில் நின்று பார்த்துக்கொள்வாள். திருவண்ணாமலையில் சுவர்க்கடிகாரம் வந்தது. கள்ளக்குறிச்சியிலேயே தையல் மெஷின் வந்தது. ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பி வந்தவன், அன்று காலை ஆண்டாள் தும்மியது நினைவுக்கு வரவே சமாதானம் ஆகிவிட்டான்.

ஊரிலும் பேச்சுப் பரவியது. விதைப்புக்கு முதல் பிடி போட அவளைக் கூப்பிட்டார்கள். புதுக் கறவைக்குக் கயிறு கட்ட அவளைக் கூப்பிட்டார்கள். வீட்டில் கனத்த வேலை எதையும் அவளிடம் விடாமல் வீரமுத்து பார்த்துக்கொண்டான். பொய் சொல்வானேன், ஆண்டாளுக்கும் அது பிடித்திருந்தது. சங்கராபுரத்தில் நாலு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்து, அக்காள்களின் பழைய பாவாடையை உடுத்தி வளர்ந்தவள். தன் முகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

ஒன்றுதான் குறை. பிறந்த வீட்டுக்கு அவன் அனுப்ப மாட்டான். "நீ அங்க போயிட்டா இங்க எவ எதிர்ல வருவா?" என்பான். மகள் கண்ணகி பிறந்ததுகூட வடக்கனந்தலில்தான். அதனால் அவள் அப்பாதான் மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். வரும்போது சங்கராபுரம் கடைத்தெருவில் காராசேவு வாங்கி வருவார். மாப்பிள்ளை வீட்டில் தண்ணீர்கூட அதிகம் குடிக்க மாட்டார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "வரட்டா ஆயி" என்று எழுந்துகொள்வார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் மாதம் முழுக்கக் காத்திருப்பாள்.

கண்ணகிக்கு நாலு வயது நடந்தபோது விழுப்புரத்தில் பெரிய போட்டி ஒன்று வந்தது. முதல் பரிசு ஒரு மொபெட் வண்டி. இரண்டு நாள் ஆட்டம். சனிக்கிழமை காலை வழக்கம்போல் ஆண்டாள் நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். வீரமுத்து கும்பிடாத குறையாக அவளைப் பார்த்துவிட்டுப் போனான்.

பஸ் நிற்கும் இடத்தில் அம்மாசி சைக்கிளோடு வந்து சேர்ந்தான். அவன் ஆண்டாளின் அண்ணன் கொளஞ்சியப்பனின் நிலத்தில் வேலை செய்கிறவன். விடியற்காலையில் ஆண்டாளின் அப்பா செத்துப்போன செய்தியைச் சொல்ல வந்திருந்தான். வழியிலேயே மாப்பிள்ளையைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திச் சொன்னான். வீரமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தான், மறுபடி போட்டுக்கொண்டான். "சரி, நான் கூட்டிக்கினு வரேன். நீ இன்னும் எட்டு ஊட்டுக்கு சொல்லணும் இல்ல, போ" என்றான். அம்மாசி சைக்கிளைத் திருப்பினான். விழுப்புரம் பஸ் வந்தது. வீரமுத்து ஏறினான்.

இதெல்லாம் ஆண்டாளுக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த இரண்டு நாளும் அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்குச் சடை பின்னிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு எத்தனையோ வருஷம், அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால் அவளுக்கு உடம்பு கூசும்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது வண்டிச் சத்தம் கேட்டது. கைப்பிடியில் சாமந்தி மாலையோடு புது மொபெட்டில் வந்து இறங்கினான். தெருவே கூடியது. மறுநாள் காலையில், "உங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்லியாம். கெளம்பு, வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்" என்றான்.

அவள் பின்னால் மகளை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். வதங்கின மாலையை அவன் கழற்றியிருக்கவில்லை. வழியெல்லாம் அது காற்றில் அடித்துக்கொண்டு வந்தது. ரோடு நல்லதாக வந்த இடத்தில் திரும்பாமலே கேட்டான்: "எப்டி ஓடுது பாத்தியா?"

அவள் அப்பாவுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணகியிடம், "தாத்தா ஒன்ன பாத்தா எழுந்து ஒக்காந்துடுவாரு பாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

சங்கராபுரம் வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மொபெட்டையும் அதன் மாலையையும் பார்த்து வேலையாட்கள் கயிற்றை அப்படியே விட்டார்கள். அண்ணன் கொளஞ்சியப்பன் தலை மழித்து நின்றிருந்தான்.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றான்.

ஆண்டாளுக்குப் புரியவில்லை. பந்தலைப் பார்த்தாள், அவன் தலையைப் பார்த்தாள்.

"சனிக்கெழம காலையிலயே அம்மாசிய அனுப்பனேனே. உன் வூட்டுக்காரரு கிட்ட சொல்லிட்டேன்னு வந்து சொன்னான். பொழுது போற வரைக்கும் வச்சிக்கினு இருந்தோம். அதுக்கு மேல தாங்காதுன்னு எடுத்துட்டோம். நேத்து பாலும் தெளிச்சாச்சி. மவ மூஞ்ச காட்டாம கொண்டுபோனாங்கன்னு ஊரே பேசுது."

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிற சாக்கில் குனிந்திருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் அங்கேயே இருந்தாள். அழுகை வரவில்லை என்று அக்காள்கள் ஏசினார்கள். திரும்பி வந்ததும் சோறு போடாமல், எதிரே நின்று கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

அவன் மறைக்கவில்லை. அவனுக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. "சொன்னா தீட்டு வந்துருக்குமே. தீட்டோட போய் ஒக்காந்தா சீட்டு வருமா? போன உசுரு போயிடுச்சி. வர்ற வண்டிய வுடுவாங்களா?" என்றான்.

அடுத்த போட்டி கள்ளக்குறிச்சியில். அந்தக் காலையில் ஆண்டாள் குளிக்கவில்லை. தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் தெருவில் கால் வைக்கிற நேரம் பார்த்து எதிரே வந்தாள். வீரமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினான். அவள் மறுபடி எதிரே வந்தாள்.

முதல் மேசையிலேயே எழுந்து வந்தான். வந்தவன் அவளை அடித்தான். பச்சையம்மாள்தான் கையைப் பிடித்தாள். "அவள அடிச்சா சீட்டு வந்துடுமாடா?" என்றாள்.

அதன்பின் அந்த வீட்டில் ஒரு விளையாட்டு நடந்தது. ஊர் அதைப் பார்த்துச் சிரித்தது. போட்டி நாளில் அவன் கொல்லைப்புறமாக வேலி தாண்டிப் போவான். அவள் வரப்பில் நிற்பாள். முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போவான். அவள் குடத்தை விரலால் தட்டுவாள். முந்தின நாளே கிணற்று மோட்டார் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்வான். அவள் கச்சிராயபாளையம் ரோட்டில், பஸ் நிற்கும் புளியமரத்தடியில் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருப்பாள். கண்டக்டர்கூட அவளைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி வீரமுத்துக்கு ஆட்டம் போல" என்பான்.

அவன் தோற்றுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவை அவன் தொங்கிய முகத்தோடு வரும்போதும் ஆண்டாளுக்கு வயிறு நிறைந்தது. என் முகத்தில் ஜெயித்தாய், என் முகத்திலேயே தோற்றுப் போ. அப்பாவின் முகத்தைக் காட்டாமல் செய்ததற்கு இதுதான் கூலி என்று சொல்லிக்கொள்வாள். அப்படிச் சொல்லிக்கொண்டால் அவளுக்குத் தூக்கம் வந்தது.

மொபெட் போனது. அதற்கு அவள் வருத்தப்படவில்லை. தையல் மெஷினும் அண்டாவும் போயின. பிறகு மேட்டுக் கொல்லை போனது. தோற்ற பணத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவன் போட்டி இல்லாத நாட்களிலும் மன்றமே கதி என்று கிடந்தான். கிணற்று நிலத்தையும் விலை பேசுகிறான் என்று தெரிந்தபோதுதான் ஆண்டாளுக்குத் திக்கென்றது. அது போனால் கண்ணகிக்கு என்ன இருக்கிறது? அவனை வீழ்த்துகிறேன் என்று மகளையும் சேர்த்தல்லவா இழுத்துக்கொண்டு விழுகிறேன்?

ஒரு வாரம் கழித்துத் தன் கோபத்தைத் தானே மென்று விழுங்கினாள். ஆத்தூர் போட்டிக்கு அவன் கிளம்பிய காலையில், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு தலைகுளித்துப் பூ வைத்து, மஞ்சள் பூசி, நிறைகுடத்தோடு எதிரே வந்து நின்றாள். வீரமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆண்டாளு…" என்றான்.

"செயிச்சிட்டு வா. கெணத்து நெலத்த மட்டும் வித்துடாத" என்றாள் அவள்.

அவன் தோற்று வந்தான். திண்டாடித் திண்டாடிக் கடைசி மூன்று மேசை வரைக்கும் போய்த் தோற்றிருந்தான்.

"கொடத்த நெறைச்சிக்கினு வந்து இன்னா? மனசுல சாபம்தான வுட்டுக்கினு நின்ன?" என்றான்.

அவள் அன்று சபிக்கவில்லை. முழு மனதோடு நின்றாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால்? அந்தக் கேள்வி அவளை அரித்தது.

மறுவாரம் கள்ளக்குறிச்சி சந்தைக்குப் போனவள், செல்லமுத்துவின் சைக்கிள் கடை வாசலில் நின்றாள். செல்லமுத்து கணவனோடு எல்லாப் போட்டிக்கும் போகிறவன். அவனும் ஜெயித்திருக்கிறான், தோற்றிருக்கிறான். ஆனால் அவன் கடை அவனிடமே இருந்தது.

"எனக்கு ஒண்ணு சொல்லு" என்றாள். "அவரு தோக்கறது என்னாலதானா?"

செல்லமுத்து டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணி, மோசமான சீட்டு வந்தா ஆடாம கவுத்து வச்சிடலாம். அதுக்கு இருவது புள்ளிதான் ஏறும். ஆடித் தோத்தா எம்பது ஏறும். சீட்டு வராத அன்னிக்கி கவுத்துக்கினே ஒக்காந்திருக்கணும். சில சமயம் நாள் பூரா கவுக்கணும். வீரமுத்து அண்ணன் கவுக்க மாட்டாரு. 'போன ஆட்டம் வுட்டத இதுல புடிக்கிறேன்'னு ஆடுவாரு. அவ்ளோதான்."

"முன்னாடியும் அப்டிதான் ஆடனாரா?"

"அப்பயும் அப்டிதான். அப்ப சீட்டு வந்துது, அதுல அந்தத் தப்பு மறைஞ்சி போச்சி."

"ஏன் வந்துது?"

"வரும் அண்ணி. எனக்கு ரெண்டு வருசம் வந்துது. அவருக்கு அஞ்சாறு வருசம் வந்துது. பெறவு நின்னுடும். அதுக்குக் காரணம்னு ஒண்ணு கெடையாது."

"காரணமே இல்லியா?"

"இல்ல" என்றான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதல் சொல்கிறவன்போல், "நீங்க எதிர்ல வந்ததுக்கும் இதுக்கும் ஒண்ணுமே இல்ல. மனசுல வச்சிக்காதீங்க" என்றும் சொன்னான்.

அவனுக்கு என்ன தெரியும்? ஆண்டாள் சந்தைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ராசியும் இருந்ததில்லை, அவள் குடத்தில் சாபமும் இருந்ததில்லை. மாதாமாதம் பஸ்ஸேறி வந்து தண்ணீர்கூடக் குடிக்கத் தயங்கிய அப்பா, இல்லாத ஒன்றுக்காக மகளைப் பார்க்காமல் எரிந்து போயிருக்கிறார். அதற்குப் பழி வாங்கினேன் என்று இத்தனை வருஷம் தூங்கினாளே, அந்தப் பழியும் அவள் வாங்கியதில்லை. அது பாட்டுக்கு நடந்திருக்கிறது. சங்கராபுரத்தில் வராத அழுகை அந்தப் பெஞ்சில் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பணத்தைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

கிணற்று நிலமும் போனது. அது கைமாறிய வருஷமே பச்சையம்மாள் போய்ச் சேர்ந்தாள். வீடு மட்டும் மிஞ்சியது.

ஆண்டாள் கல்வராயன் மலைக்குப் போகத் தொடங்கினாள். வெள்ளிமலைப் பக்கம் பெரியநாயகி என்று ஒரு மலைக்காரி, நாலைந்து புளியமரங்களுக்குச் சொந்தக்காரி. அவளிடம் ஓட்டோடு புளியை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்து சந்தையில் விற்பாள். பெரியநாயகி அதிகம் பேசாதவள். ஆண்டாள் யார், அவள் ராசி என்ன என்பதெல்லாம் மலையில் யாருக்கும் தெரியாது. பனி இறங்குகிற காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்டையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். விரலிடுக்கெல்லாம் புளிப்பு ஏறிப் புண்ணாகும். அந்த எரிச்சலோடு கஞ்சி குடிப்பாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வீரமுத்து வீட்டில் இருந்தான். மன்றத்தில் இப்போது அவனை உள்ளே விடுவதில்லை. செங்கல் சூளை நிழலில் கூலியாட்களோடு சில்லறை ஆட்டம் ஆடுவான். அங்கேயும் கவிழ்க்க மாட்டான்.

ஒரு வாரம் மலையிலேயே தங்கிவிட்டு ஒரு நாள் காலை மூட்டையோடு வந்து இறங்கியபோது வீட்டு வாசலில் கண்ணகி நின்றிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, தலையில் கனகாம்பரம், இடுப்பில் நிறைகுடம். பத்தாவது படிக்கிற பெண். வீரமுத்து சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். சேலத்தில் எங்கேயோ போட்டி என்று கையில் நோட்டீஸ் இருந்தது.

"நில்லு கண்ணு, மூஞ்ச நல்லா காட்டு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆண்டாளைப் பார்த்ததும் வெட்கமில்லாமல் சிரித்தான். "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? இந்த வாரம் பூரா இவ மூஞ்சில முழிச்சிட்டு போனேன். சூளையில எல்லா ஆட்டமும் நம்மளுதுதான். ராசி பொண்ணுகிட்ட எறங்கியிருக்குது."

ஆண்டாள் அவனைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். கண்ணகியின் முகம் பூரித்துப் போயிருந்தது. அப்பா அவளை ஒரு பொருட்டாகப் பார்த்தது அந்த வாரத்தில்தான்.

ஆண்டாள் மூட்டையை இறக்கி வைத்தாள். மகள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கி வாசலிலேயே கவிழ்த்தாள். தண்ணீர் அவன் செருப்புவரை ஓடியது. "துணிமணிய எடுத்துக்கினு வா. போலாம்" என்றாள்.

"எங்கம்மா?"

"எடுத்துக்கினு வா."

"ஏய், நல்ல நேரத்துல இன்னா பண்ற நீ?" என்று வீரமுத்து கத்தினான். மேலே பாயவில்லை. அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

கள்ளக்குறிச்சியில் சந்தைக்குப் பக்கமாக ஓர் அறை வாடகைக்குப் பிடித்து மகளோடு இருந்துகொண்டாள். ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். அண்ணன் கொளஞ்சியப்பன் வந்து பேசினான். புருஷன் குடிக்கிறானா, வேறு பெண்ணிடம் போகிறானா, சீட்டுத்தானே ஆடுகிறான் என்றார்கள். அவள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். புளி வியாபாரத்தோடு கடுக்காயும் வாங்கி விற்றாள். கண்ணகியைப் பன்னிரண்டாவதுவரை படிக்க வைத்து, தியாகதுருகத்தில் உரக்கடையில் வேலை செய்யும் பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். பையனுக்குச் சீட்டில் ராஜா எது, ராணி எது என்றுகூடத் தெரியாது. அதை விசாரித்துக்கொண்டுதான் பெண் கொடுத்தாள்.

வீரமுத்து வடக்கனந்தலிலேயே இருந்தான். சேலத்திலும் தோற்றான், அதன்பின் எல்லா இடத்திலும் தோற்றான். கடைசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான்.

அவன் காரியம் முடிந்து கூட்டம் கலைந்தபின் கண்ணகி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அன்னிக்கி நீ அந்தத் தண்ணிய கொட்டாம இருந்திருந்தா அப்பா செயிச்சிருப்பாரும்மா" என்றாள். "நான் கூட இருந்திருந்தா இவ்ளோ கஷ்டம் வந்துருக்காது அவருக்கு. எனக்கு ராசி இருந்துது. நீதான் கெடுத்துட்ட."

ஆண்டாள் செல்லமுத்து சொன்னதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். இருபது புள்ளி, எண்பது புள்ளி, சீட்டு வருவதற்கும் போவதற்கும் காரணம் இல்லை என்பதையெல்லாம் சொல்லலாம். மகளின் கண்ணைப் பார்த்தாள். அவள் நம்பப் போவதில்லை. நம்பினால் மட்டும் என்ன? தன்னை யாரோ ஒருவர் ஒரு வாரம் கொண்டாடினார் என்பதுதான் அந்தப் பெண்ணுக்கு அப்பனிடமிருந்து கிடைத்த ஒரே சொத்து. அதையும் பிடுங்க வேண்டுமா என்று நினைத்தாள்.

"ஆமாம். நான்தான் கெடுத்தேன்" என்றாள்.

கண்ணகி எழுந்து போனாள். அப்புறம் ரொம்ப நாள் அம்மா வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆண்டாள் பொங்கலுக்குப் புளியும் தேனும் ஆள் வசம் கொடுத்தனுப்புவாள். அதை வாங்கிக்கொள்வாள், பதில் ஒன்றும் வராது.